ஒருத்தனைக் காட்டு

புதிய கேம் கன்சோலின் அறிவிப்பு வந்த அன்று மாலை, நாங்கள் எட்டுப் பேர் ஒரே வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு பேர் பெங்களூரின் ஆறு மூலைகளில். அண்ணனும் நானும் மட்டும் பொம்மசந்திராவில் எங்கள் ஒற்றை அறையில். எல்லோர் காதிலும் ஹெட்செட். யாரோ மிக்சர் மெல்லுவது எல்லோருக்கும் கேட்டது. திரையில் ஒரு வெள்ளைப் பெட்டி மெதுவாகச் சுழன்றது. முன்பக்கம் வந்தது, பின்பக்கம் வந்தது, மறுபடி முன்பக்கம் வந்தது.

"சீடி எங்கடா போடறது?" என்று முதலில் கேட்டது அண்ணன்தான்.

"இருங்கண்ணா, அந்தப் பக்கம் இருக்கும்" என்றான் தொம்மலூர்க்காரன். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், எங்கள் குழுவில் வாயாடி.

பெட்டி இன்னொரு சுற்று சுற்றியது. அந்தப் பக்கமும் இல்லை. டிஸ்க் நுழைக்கும் வாயே இல்லாத கன்சோல். இனி எந்த ஆட்டமாக இருந்தாலும் ஆன்லைன் கடையில் வாங்கி இறக்கிக்கொள்ள வேண்டும் என்று மேடையில் நின்றவர் சிரித்துக்கொண்டே அறிவித்தார். நான் அதைத் தமிழில் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஹெட்செட்டின் ஒயரில் இருந்த பட்டனை அழுத்தி, தன் குரல் வெளியே போகாமல் செய்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அப்ப நம்ம சீடிப் பொட்டி?"

அந்தப் பட்டனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் அப்பா அம்மா செங்கல் சூளைக்கு சூளை மாறிக்கொண்டே இருந்தவர்கள். அண்ணனுக்குப் பள்ளிக்கூட வயது வந்தபோது எந்த ஊரிலும் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. எட்டு வருடம் கழித்துப் பிறந்த எனக்கு அந்த வயது வந்தபோது ஒரே ஊரில் தங்க முடிந்தது. தங்க முடிந்ததற்குக் காரணம், அதற்குள் அண்ணனும் ஓர் ஆள் வேலை செய்துகொண்டிருந்ததுதான். எங்கள் வீட்டில் புத்தகப் பை மாட்டிய முதல் ஆள் நான். இன்று எனக்குத் தொம்மலூரில் ஒரு ஆபீசில் வேலை, அண்ணனுக்குப் பொம்மசந்திராவில் பிளாஸ்டிக் அச்சு வார்க்கும் கம்பெனியில் வேலை.

ஆட்டத்தில் திரையில் ஏதாவது எழுத்து வந்தால் அண்ணன் அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டு, "என்னடா போட்டிருக்கான்?" என்பார். நான் சொல்வேன். பட்டனை விட்டுவிட்டு, தானே படித்ததுபோல மற்றவர்களிடம் பேசுவார். ஒரு நொடி வேலை. மூன்று வருடம் இப்படி ஓடியது. குழுவில் எவனுக்கும் தெரியாது. எழுத்தில் ஏதாவது கேட்டால் அண்ணன் குரல் பதிவாகத்தான் பதில் அனுப்புவார். "கையில கிரீஸுடா, வாய்ஸ்ல சொல்றேன்" என்று தொடங்குவார். கம்பெனியில் வேலை பார்க்கிறவர், கையில் கிரீஸ் இருக்கும்தானே என்று எல்லோரும் நம்பினார்கள்.

எங்கள் குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஆட்டத்தை எட்டுப் பேரும் வாங்குவதில்லை. ஒருவர் வாங்குவார், அந்த டிஸ்க் எல்லோரையும் சுற்றி வரும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை தொம்மலூரில் ஒரு டீக்கடையில் கூடி மாற்றிக்கொள்வோம். சுற்றில் இல்லாத டிஸ்க்கெல்லாம் அண்ணனிடம்தான் இருக்கும். தகரப் பெட்டியில் பழைய பனியன் துணி விரித்து, ஒரு கீறல் விழாமல் வைத்திருப்பார். எது யாரிடம் இருக்கிறது, யார் எப்போது வாங்கிப் போனார், அடுத்து யாருக்கு, எல்லாமே அவர் மனதில். எழுதி வைத்ததே இல்லை. "அண்ணாவுக்குக் கம்ப்யூட்டர் மண்டை" என்று குழுவில் சொல்வார்கள்.

ஆட்டங்களின் பெயரும் அவருக்குத் தெரியாது. உறையில் இருக்கும் படத்தை வைத்துத் தானே பெயர் வைத்திருந்தார். மீசைக்காரன். ரெண்டு காரு. இடிஞ்ச கோயிலு. மழையில நிக்கறவ. அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து, குழு முழுக்க அந்தப் பெயர்களையே சொல்லத் தொடங்கியது. "அண்ணா, மீசைக்காரன் எப்ப எனக்கு வருவான்?" என்று ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை பார்க்கும் கோயமுத்தூர்க்காரர்கூடக் கேட்பார்.

கம்பெனியில் அண்ணனுக்கு வேறு பெயர். சம்பளச் சீட்டில் சில சமயம் கட்டைவிரல் வைக்கச் சொல்வார்கள். அதிலிருந்து சூப்பர்வைசர் அவரை 'ஹெப்பெட்டு' என்றுதான் கூப்பிடுவார். கன்னடத்தில் கட்டைவிரல். நம் ஊரில் கைநாட்டு என்பார்களே, அதுதான். "ஏய் ஹெப்பெட்டு, ரெண்டாவது மெஷின் பாரு." நாள் முழுக்க அப்படி. வீட்டுக்கு வந்து ஹெட்செட்டை மாட்டினால், "வாங்கண்ணா, நீங்க இல்லாம நாலு தடவ செத்துட்டோம்" என்று ஆறு குரல்கள். அவர் முகம் மாறுவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

அறிவிப்புக்கு மறுநாளிலிருந்து குழுவில் சண்டை. உலகத்தில் யார் யாரோ அந்த வீடியோவின் கீழ் எழுதியதையெல்லாம் படம் பிடித்துக் கொண்டுவந்து போட்டு அதன்மேல் வாதம். ஒரு வெளிநாட்டுக்காரர் சுவர் முழுக்க டிஸ்க் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதிருந்தார். அதை அண்ணனுக்குக் காட்டினேன்.

"எதுக்குடா இவன் எழவு வீட்டுல உக்காந்தவனாட்டம் அழறான்?"

"சீடிக்குத்தாண்ணா."

கொஞ்ச நேரம் பார்த்தார். "அழட்டும், பாவம். எவ்ளோ சேத்து வச்சிருக்கான்."

கோயமுத்தூர்க்காரர் கம்பெனியின் பக்கம். "டிஸ்க்கெல்லாம் முடிஞ்ச கதைங்க. கேசட் போன மாதிரி போகத்தான் போகுது. இவங்க அழறது டிஸ்க்குக்காக இல்ல, ஓசியில ஆட முடியாதேன்னு" என்று எழுதினார்.

"குரு, அந்தக் கம்பெனியில பங்கு கிங்கு வச்சிருக்கியா? இவ்ளோ முட்டுக் குடுக்கறே?" என்றான் தொம்மலூர்க்காரன். பெங்களூரில் யாரைக் கூப்பிட்டாலும் 'குரு'தான்.

"உண்மையச் சொன்னா எரியத்தான் செய்யும்."

"ஓசின்னா நீயும் ஓசிதான். மீசைக்காரன நீயா வாங்கினே?"

"நான் வாங்க முடியாம இல்லைங்க. உங்களுக்குக் கம்பெனி குடுக்கறேன்."

இப்படி நான்கு நாள். நான் ஒவ்வொன்றையும் அண்ணனுக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் சிரிப்பார். அவர் கவலை வேறு. "இந்தப் பழைய மெஷின் இன்னும் எத்தன வருசம் ஓடும்?" என்று இரண்டு முறை கேட்டார். ஐந்து வருடம் ஓடும் என்றேன். "அதுக்கப்புறம் நம்ம பொட்டிக்கு வேல இல்ல" என்றார்.

ஐந்தாம் நாள் கோயமுத்தூர்க்காரர் எழுதினார்: "விருப்பத்த விடுங்க. டிஸ்க் இல்லன்னா ஆடவே முடியாதுங்கற ஒருத்தன் இருந்தா காட்டுங்க. ஒருத்தனைக் காட்டுங்க, நான் வாய மூடிக்கறேன்."

அதைப் படித்தபோது ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் இருந்தேன். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. அங்கே நின்றால் ஒரு கட்டுரையே எழுதி முடிக்கலாம் என்பார்கள். நான் எழுதினேன்.

"நீங்கள் கேட்ட ஒருத்தர் நம் குழுவிலேயே இருக்கிறார். என் அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு எழுத்தும் தெரியாது. உறையில் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் எந்த ஆட்டம் என்று எடுக்கிறார். மேலிருந்து மூன்றாவது, கீழிருந்து இரண்டாவது என்று எண்ணித்தான் மெனுவுக்குள் போகிறார். ஆன்லைன் கடை அவருக்குப் பூட்டிய கதவு. நான் வீட்டில் இல்லாத நாளிலும் அவர் ஒருவராக ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஆட முடிகிறது என்றால், அது டிஸ்க்கினால் மட்டும்தான். இது ஓசிப் புத்தி இல்லை. அவருக்கு டிஸ்க் ஒரு கைத்தடி."

இன்னும் நீளமாக எழுதினேன். செங்கல் சூளை, எங்கள் அப்பா, எல்லாம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு எழுதும்போது கடைசி வரி சரியாக அமைந்தால் காது சூடாகும். அன்றும் அப்படிச் சூடானது. கைத்தடி என்ற சொல் வந்ததும் எனக்கு என்மேலேயே பெருமை. அனுப்பும்போது அண்ணனைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அது அவருக்காகப் பேசுவது என்றுதான் நினைத்தேன். மூன்று வருடம் காத்த ஒன்றை உடைக்கிறேன் என்ற நினைப்பு ஒரு நொடிகூட வரவில்லை. இன்றும் எனக்கு ஆச்சரியம் அதுதான்.

பஸ் நகர்வதற்குள் கோயமுத்தூர்க்காரர் எழுதினார்: "மன்னிச்சுக்கங்க. இப்படி ஒரு பக்கம் இருக்கும்னு நான் யோசிக்கவே இல்லைங்க." நான் ஜெயித்துவிட்டேன்.

தொம்மலூர்க்காரன் கேட்டான்: "மச்சா, இத இங்கிலீஷ்ல போட்டு அந்த வீடியோ கீழ போடட்டா? அவனுங்களும் படிக்கட்டும்."

"போடு" என்றேன்.

இரண்டு நாளில் அது எங்கெங்கோ போயிருந்தது. முகம் தெரியாதவர்கள் இதயமும் கைகூப்பலும் போட்டிருந்தார்கள். 'உன் அண்ணனுக்கு என் வணக்கம்' என்று பல மொழிகளில் வந்தது. 'முதலில் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, பிறகு விளையாடட்டும்' என்று எழுதியவனிடம் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு அரை மணி நேரம் சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் வழக்கம்போல மற்றவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்தேன். இதை மட்டும் வாசிக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. ஒருநாள் மொத்தமாகச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று வைத்திருந்தேன்.

ஞாயிறு மதியம் வந்தது. நாலு பேர் சேர்ந்து ஒரு கோட்டைக்குள் நுழைந்து பிணைக்கைதியை மீட்கும் ஆட்டம். எப்போதும் அண்ணன்தான் தலைவர். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரிலும் சத்தம் வைத்திருந்ததால் எல்லோர் பேச்சும் எனக்குக் கேட்டது.

"அண்ணா, எதிர்ல கதவுல 'பூட்டியிருக்கு'ன்னு எழுதியிருக்கு" என்றார் கோயமுத்தூர்க்காரர்.

"செவப்பு லைட்டு எரியுதில்ல, தெரியுது. நீ எடப்பக்கம் வா."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவன், "அண்ணா, மேல 'இரண்டு நிமிடம் பாக்கி'ன்னு வருது."

"தெரியும்டா. என்ன இன்னிக்கி ஆளாளுக்கு கமெண்ட்ரி குடுக்கறீங்க?" அண்ணன் சிரித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. வழக்கமாக அந்தப் பேச்சுக்குப் பத்துக் கெட்ட வார்த்தையாவது திரும்பி வரும். அன்று எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். அண்ணன் தவறான படிக்கட்டில் ஏறினபோது திட்டாமல் பின்னாலேயே ஏறினார்கள். என் கையில் பூண்டுத் தோல் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அண்ணா, நீங்க தயங்காம எது வேணும்னாலும் கேளுங்க. நாங்க படிச்சுச் சொல்றோம்" என்றார் கோயமுத்தூர்க்காரர். நல்ல மனிதர். மனதாரச் சொன்னார்.

அண்ணனின் விரல்கள் கன்ட்ரோலரில் ஓடிக்கொண்டே இருந்தன. "எதப் படிச்சு?"

தொம்மலூர்க்காரன் தாங்க முடியாமல் சொல்லிவிட்டான். "அண்ணா, உங்க மேட்டர் உலகம் பூரா போயிருக்கு. எத்தன பேரு சல்யூட் அடிச்சிருக்கான் தெரியுமா? படிக்கவே தெரியாம இவ்ளோ ஆடறாருன்னு. செம கெத்துண்ணா நீங்க."

அண்ணன் அந்தப் பட்டனை அழுத்தவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. "சரி சரி, ஆட்டத்தப் பாருங்க" என்றார். குரல் மாறவில்லை. பிணைக்கைதியை மீட்டு, கோட்டைக்கு வெளியே கொண்டுவந்து, கடைசி ஆள் வண்டியில் ஏறும்வரை ஆடினார். ஜெயித்தோம். "ஷிப்டு இருக்குடா, வரேன்" என்று சொல்லி ஹெட்செட்டைக் கழற்றினார். அன்று ஞாயிறு. ஷிப்டு இல்லை.

"படி" என்றார் என்னிடம்.

"என்னதுண்ணா?"

"நீ எழுதினத. முழுசா படி."

படித்தேன். மூன்று வருடமாக அந்த அறையில் எத்தனையோ கதைகளை அவருக்கு வாசித்திருக்கிறேன். ராஜா செத்த இடத்தில் குரலை இறக்கி, சண்டை வந்த இடத்தில் ஏற்றி. அன்று குரலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஒரு எழுத்தும் தெரியாதுன்னா போட்டிருக்கே?"

"ம்."

"கையெழுத்துப் போடுவேனேடா. பேங்குல போட்டேனே."

உண்மைதான். அவர் பெயரை நான் எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் பழகி, கோணல் மாணலாக, வரைவதுபோல. எழுதும்போது அது எனக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். ஒரு எழுத்தும் தெரியாது என்பதுதான் நன்றாக இருந்தது.

"கடைசியில என்ன? கைத்தடியா?"

"அது சும்மா ஒரு உவமைண்ணா."

"குருடன் வச்சிருக்கற குச்சிதானே? எதுக்கு எழுதினே?"

"ஒருத்தனைக் காட்டுன்னு கேட்டாருண்ணா."

"ஜெயிச்சியா?"

"ம்."

தலையாட்டினார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கம்பெனியில எல்லானுக்கும் தெரியும். ஊருல தெரியும். வீட்டு ஓனருக்குத் தெரியும். அந்தக் குரூப்பு ஒண்ணுலதான் எவனுக்கும் தெரியாம இருந்துச்சு." அவர் குரல் உயரவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அத எடுத்துடு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஹெட்செட்டைத் தொடவில்லை. குழுவில் ஆறு பேரும் குரல் பதிவு அனுப்பினார்கள். சிலர் அழுதார்கள்கூட. கோயமுத்தூர்க்காரர், பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் ஒரு செயலியைத் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தார். அண்ணன் ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டார். யாருக்கும் பதில் சொல்லவில்லை. "நல்ல பசங்கதான்" என்று மட்டும் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். எது யாரிடம் போக வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். "மழையில நிக்கறவ தொம்மலூர்ப் பையன்கிட்ட இருக்கு, மூணு வாரம் ஆச்சு, கேளு. இடிஞ்ச கோயிலு அடுத்து ஒயிட்ஃபீல்டுக்காரருக்கு. பொட்டி இனி அங்கயே யார்கிட்டயாவது இருக்கட்டும்." ஒரு தவறும் இல்லை.

டீக்கடையில் அண்ணன் எங்கே என்று கேட்டார்கள். ஷிப்டு என்றேன். யாரும் நம்பவில்லை, யாரும் மேலே கேட்கவும் இல்லை. கோயமுத்தூர்க்காரர் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு உறையாக எடுத்து, போனில் ஒரு பட்டியல் போட்டார். ஆட்டத்தின் ஆங்கிலப் பெயர், யாரிடம், எந்தத் தேதி. தொம்மலூர்க்காரன், "மீசைக்காரன் எனக்கு" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, பாதியில் நிறுத்தி, உறையைப் பார்த்து அதன் ஆங்கிலப் பெயரைப் படித்தான். மரியாதைக்காகத்தான் செய்தான். அதற்குப் பிறகு அந்தப் பெயர்களைக் குழுவில் யாரும் சொன்னதில்லை.

அன்று திரும்பி வந்ததும் அண்ணன் கேட்டார்: "எடுத்துடச் சொன்னேனே, எடுத்திட்டியா?"

என்னுடையதை அன்றே அழித்திருந்தேன். தொம்மலூர்க்காரனும் அழித்துவிட்டான். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு கிழவரின் காய்ப்பு விழுந்த கைகளின் படத்தைச் சேர்த்து ஒருவர் போட்டிருந்தார். அண்ணனுக்கு முப்பத்து நான்கு வயது. எழுதி எழுதிக் கேட்டுப் பார்த்தேன். சிலர் எடுத்தார்கள், சிலர் படிக்கவே இல்லை. இப்போதும் தேடினால் கிடைக்கும்.

"எல்லாம் எடுத்தாச்சுண்ணா" என்றேன்.

"சரி" என்றார்.

அவருக்கு நான் எத்தனையோ வாசித்துச் சொல்லியிருக்கிறேன். கரண்ட் பில், மாத்திரைச் சீட்டு, ஆட்டத்தில் வரும் பேய்களின் பேச்சு. இருக்கிற ஒன்றை இல்லை என்று சொன்னது அதுதான் முதல்முறை. அவரால் போய்ப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ள முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் இந்த முறை கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். "யார் பேரும் போடாத. என் பேரு, உன் பேரு, அவனுங்க பேரு எதுவும் வேணாம். எழுதினதும் எனக்குப் படிச்சுக் காட்டு" என்றார். நேற்று உட்கார்ந்து படித்துக் காட்டினேன். கையெழுத்து வந்த இடத்தில், "இப்பவாச்சும் அதப் போட்டியே" என்றார். டீக்கடையில் அவன் மீசைக்காரன் என்று சொல்லவந்து நிறுத்திய இடத்தில், கையைக் காட்டி என்னை நிறுத்தச் சொன்னார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.

அடுத்த பத்தி, "எடுத்திட்டியா?" என்று அவர் கேட்டதில் தொடங்கியிருந்தது. "இன்னும் எழுதலண்ணா" என்றேன்.